நெல்லும் சக்களத்தியும்: களைக்கொல்லிகளின் உயிரணு வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

களை என்று ஒரு செடி தாவரவியலில் கிடையாது. குடும்பம் உண்டு, பேரினம் உண்டு, சிற்றினம் உண்டு. களை என்பது இவற்றில் எதுவுமல்ல. நிலத்தைத் தன்னுடையது என்று சொல்கிறவன் அங்கே நிற்கும் ஒரு செடியைப் பார்த்து 'ஒனக்கு இங்க இடமில்ல' என்று சொல்லும் கணத்தில்தான் அது களையாகிறது. ஆகவே களைக்கொல்லி பற்றிய பேச்சை வேதியியலில் தொடங்குவதா, நில உடைமையில் தொடங்குவதா என்பது வெறும் முறையியல் கேள்வி அல்ல. பாடநூல்கள் முதலாவதைத் தேர்ந்துகொள்கின்றன. மூலக்கூறு செல்லுக்குள் நுழைகிறது, ஒரு நொதியைப் பிடித்துக்கொள்கிறது, செடி சாகிறது. எந்தச் செடி சாக வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள், அந்த முடிவு அதற்கு முன்பு யாருடைய கண்ணிலும் கையிலும் இருந்தது என்பது அந்தப் பிரதிக்குள் வருவதேயில்லை. இரண்டையும் ஒரே வயலில் வைத்துப் பார்க்க இங்கு முயலலாம். வயல், உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிப்பாசன நெல்வயல்.

இந்தத் தொண்டை மண்டலத்துக் களைக்குப் பழைய சாட்சியம் ஒன்று இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், மருத நிலத்தைக் கடந்து போகும் இடத்தில் களை பறிப்பவர்கள் வருகிறார்கள். நாற்று நட்ட வயலிலிருந்து அவர்கள் பறித்துப் போடுவது நெய்தல் பூ. உழைப்பாளிகளின் பிள்ளைகள் அந்தப் பூவை வைத்துக்கொள்கிறார்கள். அது சலித்துப் போனால் நீர்க்கரையில் முள்ளிப் பூவைப் பறித்து, கோரையைப் பல்லால் மென்று நாராக்கிக் கோத்துக்கொள்கிறார்கள். நெய்தல், முள்ளி, கோரை. மூன்றில் கோரை இன்று நெல்வயல் களைக் கையேடு எதை எடுத்தாலும் முதல் பக்கங்களிலேயே இருக்கும். அந்தப் பாட்டில் களை என்பது வயலிலிருந்து விலக்கப்பட்டதே தவிர வாழ்க்கையிலிருந்து விலக்கப்பட்டதல்ல. இதைப் பொற்காலக் காட்சியாக வாசிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ஏன் களையாகக் கிடைத்த பூவைச் சூடினார்கள், வயலுக்குச் சொந்தக்காரனின் பிள்ளை எதைச் சூடினான் என்று கேட்டாலே பொற்காலம் கொஞ்சம் மங்கிவிடும்.

2

உத்திரமேரூர் என்றால் குடவோலை. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வழியாக இந்த ஊர் தமிழ்ப் பெருமிதத்தின் நிரந்தர மேற்கோளாகிவிட்டது. நீலகண்ட சாஸ்திரி 1932இல் இதைப் பற்றி எழுதினார். பிரான்சுவா க்ரோவும் இரா. நாகசாமியும் 1970இல் தனி நூலே கொண்டுவந்தார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய மேடை வரைக்கும் இந்தக் கல்வெட்டு போய்வந்துவிட்டது. முப்பது குடும்புகள், குடத்தில் ஓலை, ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். எல்லாம் சரி. பெயர் எழுதி ஓலை போடத் தகுதி என்ன? வரி கட்டுகிற கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35இலிருந்து 70 வயதுக்குள் இருக்க வேண்டும், மந்திரப் பிராமணம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். சதுர்வேதிமங்கலத்தின் சபை அது. ஏரியைத் தூர் எடுப்பது பற்றிப் பேசுவதற்கு வாரியம் இருந்தது. அந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த கழனியில் இடுப்பு வளைத்துக் களை பறித்தவளுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

இந்த இல்லாமையைச் சுட்டிக்காட்டுவது தொண்ணூறுகளிலேயே நம் சிறுபத்திரிகைகளில் தேய்ந்துபோன காரியம்தான். ஆனாலும் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹியர் 1891இல் இந்த ஜில்லாவின் பறையர்கள் நிலைமை பற்றி எழுதிய குறிப்பும், அதன் பின்னால் 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும், ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் கழனியில் கை வைத்தவர்களுக்கும் கழனிக்கும் உறவு பெரிதாக மாறவில்லை என்பதற்கான அரசு ஆவணங்கள். அந்த ஆணையை வைத்து நிலம் கேட்டுக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எது களை என்று சொல்லும் உரிமை நிலத்தோடு வருவது. பறிக்கும் கடமை நிலமின்மையோடு வருவது. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால்தான், பின்னால் வரும் வேதியியல் எதை இடம்பெயர்த்தது என்பது விளங்கும்.

3

நெல்வயலில் பெரிய எதிரி எக்கினோகுளோவா என்கிற புல். தமிழ் வேளாண் நூல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் நெல் சக்களத்தி. (ஒரே ஆணுக்கு இரண்டு பெண்கள் என்கிற ஆண்மையக் கற்பனை தாவரவியலிலும் புகுந்துவிட்டதை என்ன சொல்ல! இதே பேரினத்தில் பயிராகும் இன்னொரு புல்லைக் குதிரைவாலி என்று கிலோ கணக்கில் விலை போட்டு ஆரோக்கிய உணவாக விற்கிறோம் என்பது வேறு.) இளம் பருவத்தில் நெல்லுக்கும் சக்களத்திக்கும் வித்தியாசம் தெரிவது சுலபமல்ல. நெல் இலை தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய நாக்கு போன்ற சவ்வும், காது போன்ற ரெண்டு கொக்கிகளும் இருக்கும். சக்களத்திக்கு இரண்டும் கிடையாது. தாவரவியல் மாணவன் கைலென்ஸ் வைத்துப் பார்க்கிற இந்த அடையாளத்தை, களை எடுப்பவள் ஓடுகிற ஓட்டத்தில், கலங்கின தண்ணியில், வரிசையில் பின்தங்கிவிடாமல் பார்த்தாக வேண்டும். இது அறிவு. அறிவு என்று எங்கும் பதிவாகாத அறிவு.

பதிவாகவில்லை என்பதும் முழுக்க உண்மையல்ல. பதிவு செய்தது அந்தப் புல்தான்.

ரஷ்யத் தாவரவியலாளர் நிகொலாய் வாவிலோவ் கவனித்த நிகழ்வு இது. மனிதன் பறிக்கப் பறிக்க, பயிரைப் போலத் தோற்றமளிக்கும் களைகளே தப்பிப் பிழைத்து விதை போடுகின்றன. காலப்போக்கில் களை பயிரின் வேஷத்தைப் போட்டுக்கொள்கிறது. கோதுமை வயலில் களையாக நுழைந்த ரை, பின்னால் தானே பயிரானது இப்படித்தான் என்றார் அவர். (ஸ்டாலினின் சிறையில் 1943இல் இறந்துபோனார். விஞ்ஞானத்திலும் களையெடுப்புகள் நடந்த காலம்.) 2019இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் யாங்சே ஆற்றுப் படுகை நெல்வயல்களிலிருந்து எடுத்த 328 எக்கினோகுளோவாச் செடிகளின் மரபணுத்தொகுதியைப் படித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: படர்ந்து வளரும் அந்தப் புல், நெல்லைப் போல நிமிர்ந்து வளரும் வேஷத்தைப் போடத் தொடங்கி ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் ஆகின்றன. தூர்களின் சாய்கோணத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களில்தான் தேர்வின் தடயம் இருந்தது. அதாவது அங்கே களை பறித்தவர்களின் பார்வை ஒரு புல்லின் டிஎன்ஏவைத் திருத்தி எழுதியிருக்கிறது. யாங்சேயின் கணக்கை உத்திரமேரூருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் செயல்முறை ஒன்றுதான், வேலையும் ஒன்றுதான். பராந்தகனின் கல்தச்சன் குடவோலை விதிகளை வெட்டிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், கல்லில் இடம் பெறாத கைகள் வேறொரு ஆவணத்தில் எழுதிக்கொண்டிருந்தன என்று சொல்ல இந்த அளவு போதும்.

4

இப்போது வேதியியல். நவீன களைக்கொல்லியின் வரலாறு 2,4-டி என்கிற மூலக்கூறிலிருந்து தொடங்குகிறது. அதன் முன்கதை செடி வெளிச்சத்தின் பக்கம் ஏன் வளைகிறது என்கிற சாதுவான கேள்வி. டார்வின் 1880இல் இது பற்றிப் புத்தகம் எழுதினார். நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்கி வளைவை உண்டாக்குகிறது என்பது அவர் ஊகம். 1920களின் பிற்பகுதியில் டச்சுக்காரர் ஃப்ரிட்ஸ் வென்ட் அந்த 'ஏதோ ஒன்றை'ப் பிரித்துக் காட்டினார். ஆக்சின் என்று பெயர் வந்தது. செல் நீள்வதும், வேர் விடுவதும், நுனி ஓங்குவதும் இந்த ஹார்மோனின் அளவைப் பொறுத்தவை. ஆக்சினைப் போல நடந்துகொள்ளும் செயற்கைப் பொருட்களை வேதியியலாளர்கள் தேடினார்கள். 2,4-டியின் தயாரிப்பு முறை 1941இல் அச்சேறியது. குறைந்த அளவில் வளர்க்கும், கூடிய அளவில் கொல்லும்.

இந்த இடத்தில் வரலாறு பாடநூலை விட்டு விலகுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் கிராஸ், இரண்டாம் உலகப்போர் காலத்தில், இத்தகைய பொருட்களை எதிரியின் பயிரை அழிக்கும் ஆயுதமாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசின் போர் ஆலோசகர்களிடம் யோசனை சொன்னார். மனதில் இருந்த பயிர், ஜப்பானியரின் நெல். கேம்ப் டெட்ரிக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சேர்மங்கள் சோதிக்கப்பட்டன. (அதே ஆண்டுகளில், ஜப்பான் வந்துவிடும் என்று பயந்து வங்காளக் கடற்கரையில் நெல்லையும் படகுகளையும் அப்புறப்படுத்திக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் அரசு, 1943இல் பஞ்சம் வந்தது.) ஆனால் நெல் புல்லினம், 2,4-டிக்குப் புல்லினங்கள் பெரும்பாலும் மசியவில்லை. நெல்லைக் கொல்ல யோசிக்கப்பட்ட மருந்து, நெல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொல்லும் மருந்தாக 1945இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஆயுதத்தின் தோல்விதான் வேளாண்மையின் 'தெரிவுத்தன்மை' ஆனது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் மலேயாவில் பிரிட்டிஷாரும், 1962 முதல் 1971 வரை வியத்நாமில் அமெரிக்கர்களும், இதே மூலக்கூறை இதன் உறவுக்காரரான 2,4,5-டியோடு கலந்து காட்டின் மேலும் பயிரின் மேலும் தெளித்ததைக் கவனிக்கும்போது, தோல்வியென்றும் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

செல்லுக்குள் நடப்பது என்ன? 2,4-டி ஒரு வலுவற்ற அமிலம். செல்சுவரின் அமிலத்தன்மையில் அது மின்னூட்டம் இல்லாமல் இருக்கும், சவ்வைச் சுலபமாகத் தாண்டும். உள்ளே அமிலத்தன்மை குறைவு, அங்கே மின்னூட்டம் ஏறிவிடும், வெளியே வர முடியாது. எலிப்பொறி மாதிரி, ஆனால் சிக்கிக்கொள்வது எலியல்ல, விஷம். உட்கருவில் டிர்-1 என்றொரு புரதம் இருக்கிறது. ஆக்சினின் ஏற்பி அதுதான் என்று 2005இல்தான் தெரியவந்தது. அறுபது வருஷம் உலகம் பூரா அடித்த மருந்து எதைத் தொட்டுக் கொல்கிறது என்று அடித்தவர்களுக்கும் தெரியாது, விற்றவர்களுக்கும் தெரியாது. ஆக்சினோ, ஆக்சின் வேஷம் போட்ட 2,4-டியோ அந்தப் புரதத்தின் குழியில் பசை போல உட்கார்ந்ததும், வளர்ச்சி மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும் காவல் புரதங்கள் சிதைக்கப்படுகின்றன. காவல் போனால் கதவு திறக்கும். சொந்த ஆக்சின் என்றால் செடி வேலை முடிந்ததும் அதைச் சிதைத்துவிடும். 2,4-டியை அகன்ற இலைச் செடியால் அப்படிச் சீக்கிரம் சிதைக்க முடிவதில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. எத்திலீன் பெருகுகிறது, தண்டு முறுக்கிக்கொள்கிறது, இலை சுருள்கிறது. அடுத்து அப்சிசிக் அமிலம் கூடுகிறது, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, கரியமில வாயு உள்ளே வருவது நிற்கிறது. வெயிலின் சக்தியை எங்கே போடுவது என்று தெரியாமல் செல் நச்சு ஆக்சிஜன்களை உண்டாக்கித் தன்னையே எரித்துக்கொள்கிறது. 'வளர்ந்து வளர்ந்து செத்துப்போகும்' என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. அளவுக்கு மீறின வளர்ச்சிக் கட்டளைதான் கொல்கிறது, வளர்ச்சி அல்ல. (வளர்ச்சி பற்றிய அரசியல் சொல்லாடலுக்கு இதை உவமையாக்க ஆசை வருகிறது, வேண்டாம்.)

நெல் ஏன் சாகவில்லை? நெல்லின் செல்லில் சைட்டோக்ரோம் பி-450 என்கிற நொதிக் குடும்பம் இருக்கிறது. அது 2,4-டியின் வளையத்தில் ஓர் ஆக்சிஜனைச் செருகுகிறது, இன்னொரு நொதி அதில் சர்க்கரையை ஒட்டுகிறது, ஒட்டியதை வேக்குவோல் என்கிற நீர்ப்பைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. கூடவே புல்லின் உடலமைப்பில் இந்த மருந்து ஓடுவதற்கும் தடைகள் உண்டு. ஆக, தெரிவுத்தன்மை என்பது மருந்தின் குணமல்ல. மருந்துக்கு யாரைக் கொல்வது, யாரை விடுவது என்று தெரியாது. தெரிந்திருப்பது நெல்லின் செரிமானத்துக்கு. களையெடுப்பவளின் கண் செய்த தேர்வை இப்போது நெல் செல்லின் நொதி செய்கிறது. நம்முடைய விவாதத்தின் முடிச்சு இதுதான்.

5

இந்தியாவில் 2,4-டியைச் சோதிப்பது 1940களின் பின்பாதியில் தொடங்கியது. 1952இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மாநிலங்களில் நெல், கோதுமை, கரும்பு வயல்களில் களைக்கொல்லிச் சோதனைகளுக்குத் திட்டம் போட்டது. ஆனால் கையும் கூலியும் மலிவாகக் கிடைத்த வரைக்கும் மருந்துக்கு வேலையில்லை. வேலையை உண்டாக்கியது குட்டை நெல். 1966இல் வந்த ஐஆர்-8, தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் வழியாக வந்த குட்டைத்தன்மை கொண்டது; ஜிப்பரெலின் என்கிற இன்னொரு ஹார்மோனைத் தயாரிக்கும் படியில் பழுது, அதனால் தண்டு நீளவில்லை, உரம் போட்டாலும் சாயவில்லை. (அடுத்து வந்த ஐஆர்-20க்கு ஒரு பெற்றோர் நம்ம திரூர்க்குப்பம் பண்ணையின் டிகேஎம்-6 என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம்.) உயரமான பழைய சம்பாக்கள் நிழல் போட்டே களையை அமுக்கின. குட்டை நெல்லின் நிமிர்ந்த இலைகளுக்கு நடுவே வெயில் தரைவரை இறங்கியது. யூரியாவைச் சக்களத்தியும் தின்றாள். களை பெருகியது களையின் குற்றமல்ல.

பிறகு நடந்தது ஒரு தொடர்கதை. 2,4-டி அடித்த வயலில் அகன்ற இலைச் செடிகளும் கோரைகளும் போயின. ஆரைக்கீரை போயிற்று, கரிசலாங்கண்ணி போயிற்று, பொன்னாங்கண்ணி போயிற்று, நெய்தலும் போயிற்று. அதாவது களையெடுக்கிற பொம்பளைகள் மடியில் கட்டிக்கொண்டு போய் ராத்திரிக்குக் கடைந்தவை முதலில் போயின. புல்லினங்கள் நின்றன. போட்டி குறைந்ததும் சக்களத்தி வயலை எடுத்துக்கொண்டாள். புல்லுக்கென்று வேறு மருந்து வேண்டும். பூட்டாகுளோர் வந்தது. நட்ட மூணாம் நாள் மணலோடு கலந்து, வயலில் சன்னமாகத் தண்ணீர் நிறுத்தித் தூவுவது. செல்சவ்வுக்கும் இலைமேல் மெழுகுக்கும் தேவையான நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைக் கட்டும் நொதிகளை அது முடக்குகிறது. முளை வரும், இலை விரியாது, முறுக்கிக்கொண்டு நிற்கும். நெல் குளூட்டாதயோனை அதன் மேல் ஒட்டிச் செயலிழக்க வைத்துவிடும். நாற்று நட்ட நெல்லுக்கு அந்தத் தெம்பு இருக்கிறது. நேரடியாக விதைத்த நெல் முளைக்குப் பத்தாது. அதனால் பிரெட்டிலாகுளோரோடு ஃபென்குளோரிம் என்ற துணைப்பொருளைச் சேர்த்தார்கள். அது களையைக் கொல்வதில்லை. நெல்லின் நச்சுநீக்கும் நொதிகளைத் தட்டி எழுப்பிவிடுகிறது, அவ்வளவே. கொல்பவனையும் காப்பவனையும் ஒரே டப்பாவில் விற்கும் சாமர்த்தியம்.

அதற்கும் அடுத்து பிஸ்பைரிபேக் சோடியம். வேலின், லூசின், ஐசோலூசின் என்னும் மூன்று அமினோ அமிலங்களைச் செய்யும் பாதையின் முதல் பொது நொதியை அது அடைத்துவிடுகிறது. மனிதன் இந்த மூன்றையும் உணவிலிருந்து எடுத்துக்கொள்கிறான், அந்த நொதி நம் உடலில் இல்லை. ஆகவே 'மனிதருக்குப் பாதுகாப்பானது' என்கிற வாசகம். களை உடனே கருகாது. வளர்ச்சி நின்று, மஞ்சளாகி, ரெண்டு மூணு வாரத்தில் பட்டினியில் சாகும். சக்களத்தி பச்சையாக நிற்பதைப் பார்த்துவிட்டு 'மருந்து எடுக்கல' என்று இன்னொரு தடவை அடிப்பதும் நடக்கிறது.

உத்திரமேரூர் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்கள். வானம் பார்த்துப் புழுதியில் விதைத்துப் பிறகு ஏரித் தண்ணீர் காட்டுகிற வழக்கமும் உண்டு. புழுதி விதைப்பில் நெல்லும் களையும் ஒன்றாகவே முளைக்கும், களை வேலை இரட்டிப்பு. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகள் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஊர் ஊராக பஸ் அனுப்பி இளசுகளை அள்ளிப்போயின. இன்னொரு பக்கம் 2008க்குள் எல்லா மாவட்டங்களுக்கும் வந்த நூறு நாள் வேலை, பெண் கூலிக்கு ஒரு அடித்தளம் போட்டது. 'களை எடுக்க ஆளே கெடைக்கல' என்பது நிலமுள்ளவர்களின் பொது முறைப்பாடாயிற்று. இதை மறுபக்கம் திருப்பி வாசிக்க வேண்டும்: சொன்ன கூலிக்கு, சொன்ன நேரத்துக்கு, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு வர ஆள் கிடைக்கவில்லை. நூற்றாண்டுகளாகக் கைவேலையை மதிக்காத சமூகத்தில் அந்தக் கை கொஞ்சம் பேரம் பேசத் தொடங்கியபோது மருந்துக்கடையில் பதில் தயாராக இருந்தது. பத்து பெண்கள் ரெண்டு நாள் செய்வதை, முதுகில் டேங்கு மாட்டிய ஒரு ஆண் அரை நாளில் முடித்துவிடுகிறான். கூலி பெண்ணிடமிருந்து ஆணுக்கும், அவனைவிட அதிகமாகக் கடைக்கும் கைமாறியது.

கைக்களைக்குத் தாலாட்டுப் பாட இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. சேற்றுத் தண்ணீரில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பதன் வலி, விரலிடுக்குச் சேத்துப்புண், வரப்பில் நிற்கிறவனின் வாய், இவை எதுவும் காப்பாற்றப்பட வேண்டிய மரபல்ல. அந்த வேலையிலிருந்து விடுதலை வேண்டும் என்பதும், அந்த விடுதலை அவர்கள் கேட்ட விதத்தில் வரவில்லை என்பதும் ஒருசேர உண்மை. கூலி போயிற்று. கூலியோடு சேர்ந்த கீரையும், ஆட்டுக்குப் புல்லுக்கட்டும் போயிற்று. வலி மட்டும் செங்கல் சூளைக்கும் சித்தாள் வேலைக்கும் இடம் மாறிக்கொண்டது.

6

ஊரில் யாரும் களைக்கொல்லி என்று சொல்வதில்லை. 'மருந்து'. மருந்து அடிச்சாச்சு, மருந்து வாங்கணும். வெடிக்கும் மருந்து, வசியத்துக்கு வைப்பதும் மருந்து, ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, 'மருந்து குடிச்சிட்டா' என்றால் என்னவென்று எந்தத் தமிழனுக்கும் விளக்க வேண்டியதில்லை. கிரேக்கத்தில் ஃபார்மகான் என்ற சொல் மருந்தையும் நஞ்சையும் ஒருசேரக் குறிப்பதை வைத்து தெரிதா 1968இல் பிளேட்டோவைக் கட்டுடைத்தார். தமிழ்க் கிராமத்தில் அந்தக் கட்டுடைப்பு அன்றாடப் பேச்சு. பாராகுவாட் என்கிற களை மருந்து இதற்குக் கடைசி எல்லை. ஒளிச்சேர்க்கையில் ஓடும் எலெக்ட்ரானை வழியில் மறித்து ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. வெயில் இருந்தால் சில மணி நேரத்தில் இலை கருகும். அதே எலெக்ட்ரான் திருட்டை மனித நுரையீரலிலும் செய்கிறது. மாற்று மருந்து கிடையாது. 'ஒரு மடக்குதானே' என்று கோபத்தில் குடித்துவிட்டு, நினைவோடு, பேசிக்கொண்டே, நாள் கணக்கில் மூச்சு அடைத்துச் சாகிறார்கள்.

இந்த மருந்தை அதிகம் தோளில் சுமந்த தமிழ்ப் பெண்கள் நம் ஊரில் இல்லை, மலேசியத் தோட்டங்களில் இருந்தார்கள். இதே தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணி கூட்டிப்போன குடும்பங்களின் வாரிசுகள். ரப்பர், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் களை வெட்டும் வேலை அவர்களுடையது. வெட்டுக்கத்திக்குப் பதிலாகத் தெளிப்பான் வந்தபோது வேலை அவர்களிடமே தங்கியது. இங்கே பெண்ணிடமிருந்து வேலையைப் பிடுங்கிய மருந்து, அங்கே பெண்ணின் முதுகிலேயே ஏறியது. ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு 2002இல் அந்தப் பெண்களின் உடல் நிலைமை பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு மலேசியா பாராகுவாட்டைத் தடை செய்தது, 2006இல் தளர்த்தியது, 2020இல் மறுபடி தடை செய்தது. இந்தியாவில் 2020இல் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவு ஆணை வந்தபோது 2,4-டியும் பூட்டாகுளோரும் பட்டியலில் இருந்தன. 2023இல் இறுதி ஆணை வந்தபோது இரண்டும் தப்பியிருந்தன. பாராகுவாட் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

7

சக்களத்திக்குத் திரும்புவோம். கண்ணிலிருந்து தப்ப ஆயிரம் வருஷம் எடுத்துக்கொண்ட புல், நொதியிலிருந்து தப்ப அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை. ஹரியாணாவின் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்யூரான் என்ற மருந்துக்கு ஃபலாரிஸ் மைனர் என்கிற புல் சாகாமல் நிற்பது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. நெல்லும் கோதுமையும் மாறி மாறி வருஷா வருஷம், ஒரே மருந்து வருஷா வருஷம். ஆராய்ந்ததில், கோதுமை எந்த வழியில் அந்த மருந்தைச் செரிக்கிறதோ அதே வழியில் புல்லும் செரிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. கலிஃபோர்னிய நெல்வயல்களில் சக்களத்தியின் உறவுப் புல் ஒன்று பிஸ்பைரிபேக் உட்படப் பல மருந்துகளுக்கு ஈடுகொடுத்து நின்றது; அதன் பி-450 நொதிகளில் இரண்டு மிகையாகச் சுரப்பதே காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். நெல் தன்னைக் காத்துக்கொள்ளும் அதே குடும்பத்து நொதி.

முன்பு வெளித்தோற்றத்தில் நெல்லைப் போல ஆனாள், இப்போது வளர்சிதைமாற்றத்தில் நெல்லைப் போல ஆகிறாள். முதல் வேஷத்தைக் கலைக்கப் பழகின கண் போதும். நாக்கும் காதும் இல்லாத இலையை அது கண்டுபிடித்துவிடும். இரண்டாவது வேஷம் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கலைக்க வேறு மருந்து, அந்த மருந்துக்குத் தாங்கும் வேறு நெல். 2021இல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இமாசெதாபிர் அடித்தாலும் சாகாத இரண்டு பாஸ்மதி ரகங்களை வெளியிட்டது. நேரடி விதைப்புக்கென்றே செய்தவை. பிஸ்பைரிபேக் அடைக்கும் அதே நொதியைச் சிறிது மாற்றியமைத்தவை, அவ்வளவுதான் சூட்சுமம். அமெரிக்காவில் இதே தந்திரம் முன்பே நடந்து, அந்தத் தாங்குதிறன் மகரந்தம் வழியாகக் களை நெல்லுக்குத் தாவியிருக்கிறது. களை நெல் என்பது நெல்லேதான், முற்றியதும் உதிர்ந்துவிடுவதால் களை. அங்கே நெல்லுக்கும் அதன் எதிரிக்கும் இடையே நொதி வித்தியாசமும் மிச்சமில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் பரிந்துரையை எடுத்துப் பார்த்தால், முளைக்கும் முன் மருந்து, அதன் கீழே இன்னொரு வரி: நட்ட 30, 35ஆம் நாளில் ஒரு கைக்களை. மருந்து விட்டதைப் பறிப்பதற்கு. உத்திரமேரூர்ப் பக்கத்தில் அந்த ஒரு நாள் வேலைக்குக் கூப்பிட்டால் வருகிறவர்கள் அம்பது, அறுபது வயதுப் பெண்கள். எது நெல், எது சக்களத்தி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வயதில்தான் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களுடைய மகள்களுக்கு அந்த இலையின் நாக்கைக் காட்டிக்கொடுக்க ஒருவருக்கும் அவசியம் ஏற்படவில்லை.